கேட்டவர்களுக்காக எழுதிய கல்கி



கல்கி என்ற பெயரைச் சொன்னதும் நம்மில் வயதானவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். வந்தியத்தேவன் என்பார்கள், குந்தவை என்பார்கள், பூங்குழலி ஓடம் விட்டதை நேற்றுத்தான் பார்த்தது போலச் சொல்வார்கள். ஆனால் அவர்களில் பலர் அந்தப் புத்தகத்தைத் தாமே படித்தவர்கள் இல்லை. யாரோ படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஐந்து பாக நாவலை வரிசை தப்பாமல் சொல்கிறார் என்றால், அதில் கேட்டவருடைய கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது, எழுதியவருடைய கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. அந்த எழுதியவரைப் பற்றித்தான் இந்த வாரம் நம் பகுதியில் சொல்லப் போகிறேன். அவர் எழுதிய கதை நமக்குத் தெரிந்த அளவுக்கு அவருடைய கதை தெரியாது. அதுவும் லேசுப்பட்ட கதை இல்லை.

பெயர் கிருஷ்ணமூர்த்தி. 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, தஞ்சை மாவட்டத்தில் மாயவரத்துக்குப் பக்கம், மணல்மேட்டை அடுத்த புத்தமங்கலம் என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் ராமசாமி ஐயர் ஊர்க் கணக்கர். நிலவரிக் கணக்கும் பட்டா விவரமும் எழுதுகிற வேலை. கௌரவமான வேலைதான், ஆனால் வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது. நம் பாட்டன் பூட்டன்களில் எத்தனையோ பேர் அதே தஞ்சைச் சீமையிலிருந்தும் திருச்சிச் சீமையிலிருந்தும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இந்த நாட்டுக்கு வந்தவர்கள். கிருஷ்ணமூர்த்தி பிறந்த சமயத்தில் இங்கே ரப்பர் இன்னும் தலையெடுக்கவில்லை. கரும்புத் தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் நம்மவர்கள் முதுகு ஒடிந்துகொண்டிருந்தார்கள். ஆகவே அவர் எழுதிய காவேரியும் அரிசிலாறும் கோடிக்கரையும் நமக்கு யார் வீட்டு ஊரோ இல்லை.

கிராமத்துப் பள்ளிக்கூடம், பிறகு மாயவரம், பிறகு திருச்சியில் உயர்நிலைப் பள்ளி. படிப்பில் கெட்டிக்காரர். 1921ஆம் ஆண்டு இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தபோது காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைத்தார். வெள்ளைக்காரன் பள்ளிக்கூடமும் வேண்டாம், அவன் கொடுக்கிற உத்தியோகமும் வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேச்சு. இந்தப் பையன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். இருபத்தொரு வயது. கையில் சான்றிதழ் கிடையாது. குடும்பம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டே மேடை ஏறிப் பேசியதற்காக ஒரு வருஷம் சிறை.

நம் பிள்ளைகள் இதைச் சாக்காக எடுத்துக்கொண்டு, கல்கியே பள்ளிக்கூடத்தை விட்டவர்தானே என்று கிளம்பிவிடக் கூடாது! அவர் விட்டது பள்ளிக்கூடத்தைத்தான், படிப்பை விடவில்லை. அதற்குப் பிறகு அவர் படித்ததுதான் அதிகம். இங்கிலீஷ் நாவல், தமிழ்க் காவியம், கல்வெட்டு ஆராய்ச்சி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் விழுங்கியவர்.

சிறையிலிருந்து வந்த பிறகு திருச்சியில் காங்கிரஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தார். ராஜாஜியும், பின்னாளில் அவருடைய கூட்டாளியான சதாசிவமும் அந்தக் காலத்தில் கிடைத்த உறவுகள். 1923ல் சென்னைக்குப் போய் நவசக்தி பத்திரிகையில் துணையாசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர் யார் தெரியுமா? திரு.வி.க. 1918ல் சென்னை ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்ததில் முன்னின்றவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. சந்தா கட்டும் சங்கத் தோழர்கள் அந்தப் பெயரை மறக்கக் கூடாது. அப்படிப்பட்டவரிடம்தான் நம் கிருஷ்ணமூர்த்தி பத்திரிகைத் தொழிலைக் கற்றுக்கொண்டார். காந்தியடிகளின் சுயசரிதையைத் தமிழில் மொழிபெயர்த்ததும் இந்தக் காலத்தில்தான். 1924ல் ருக்மிணி அம்மையாரோடு திருமணம். 1927ல் சாரதையின் தந்திரம் என்ற முதல் கதைப் புத்தகம்.

திரு.வி.க.வின் தமிழ் கம்பீரமான தமிழ். சொற்பொழிவு மாதிரி நிமிர்ந்து நிற்கும். அவரிடம் இருந்துகொண்டே கிருஷ்ணமூர்த்தி வேறொரு தமிழைத் தேடிக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு பேசுகிற தமிழ். நவசக்தியில் வேலை பார்த்துக்கொண்டே ஆனந்த விகடனுக்கு ஏட்டிக்குப் போட்டி என்ற வேடிக்கைக் கட்டுரை ஒன்றை எழுதி அனுப்பினார். அப்போது வைத்துக்கொண்ட புனைபெயர்தான் கல்கி. கல்யாணசுந்தரனாரில் கல், கிருஷ்ணமூர்த்தியில் கி என்று சிலர் சொல்வார்கள். பழையதை அழித்துப் புதியதைக் கொண்டுவர வரும் பத்தாவது அவதாரத்தின் பெயர் என்று சிலர் சொல்வார்கள். எப்படியோ, பெற்றோர் வைத்த பெயர் மறைந்து இந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இனி நான் சொல்லப் போவது பலரும் விட்டுவிடுகிற பகுதி. நமக்கு வேண்டிய பகுதி. 1928ல் நவசக்தியை விட்டு விலகிய கல்கி, ராஜாஜி நடத்திய திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்துக்குப் போய்க் குடியேறினார். அங்கே விமோசனம் என்று ஒரு பத்திரிகை. மதுவிலக்குக்காகவே நடத்தப்பட்ட பத்திரிகை. ஆசிரியர் ராஜாஜி, துணை கல்கி. குடியினால் கெட்ட குடும்பங்களைப் பற்றிக் கதை எழுதுவதும், படம் போடுவதும், படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி விஷயத்தைச் சொல்வதும்தான் வேலை. சம்பளம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லாத வாழ்க்கை. சுற்றிலும் வறண்ட சேலம் ஜில்லாக் கிராமங்கள், கள்ளுக்கடைக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற ஏழைகள்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதா? சம்பள நாளன்று கிராணி கையில் வாங்கிய காசு, லயத்துக்கு வந்து சேருவதற்குள் கள்ளுக்கடையில் பாதி கரைந்த கதை நம் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அந்தக் கடைகளும் சட்டப்படி லைசென்ஸ் வாங்கித் தோட்டத்துக்குள்ளேயே நடந்தவை. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளக் கோரிக்கையோடு கள்ளுக்கடையை மூடு என்பதையும் சேர்த்துக் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தைத் துப்பாக்கி கொண்டு அடக்கினார்கள். கல்கி அந்தப் பக்கம் அதே பகையோடு பேனாவால் சண்டை போட்டார். 1937ல் ராஜாஜி முதல் மந்திரியானதும் சேலம் ஜில்லாவில்தான் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. விமோசனம் கொஞ்ச காலமே நடந்த பத்திரிகை. ஆனால் எழுத்தறியாத சனங்களுக்கு ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது என்ற பாடத்தைக் கல்கி படித்த இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். பின்னால் அவர் எழுதிய ராஜா கதைகளின் சுலபமான நடைக்கு வேர் அந்த ஆசிரமத்துக் குடிசையில் இருக்கிறது.

உப்புச் சத்தியாகிரகத்தை ஒட்டிய காலத்தில் மறுபடியும் ஆறு மாதச் சிறை. வெளியே வந்ததும் எஸ்.எஸ். வாசன் அவரை ஆனந்த விகடனுக்குக் கூட்டிக்கொண்டார். அடுத்த பத்து வருஷம் விகடன் என்றால் கல்கி, கல்கி என்றால் விகடன். அரசியல் எழுதினார், சிரிப்புக் கட்டுரை எழுதினார், சினிமாவைக் கிழித்தார். கர்நாடகம் என்ற பெயரில் சங்கீதக் கச்சேரிகளைப் பற்றி எழுதியபோது பெரிய பெரிய வித்வான்களுக்கே உதறல். 1937ல் கள்வனின் காதலி தொடர்கதை வந்தது. பிறகு தியாகபூமி. இது படமாக எடுக்கப்பட்டபோதே விகடனில் தொடராகவும் வந்தது; படத்தின் புகைப்படங்களையே கதைக்குச் சித்திரமாகப் போட்டார்கள். 1939ல் வெளியான அந்தப் படத்தைச் சுதந்திர உணர்ச்சியைத் தூண்டுகிறது என்று சர்க்கார் தடை செய்தது.

நல்ல பெயர், நல்ல வருமானம், மனைவி மக்கள். மகள் ஆனந்தி, மகன் ராஜேந்திரன். சாதாரண மனிதன் இந்த இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவான். கல்கி உட்காரவில்லை. தனிநபர் சத்தியாகிரகத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்று விகடனை விட்டு விலகினார். மூன்று மாதச் சிறை. நாற்பத்தொரு வயதில், உத்தியோகத்தை விட்டுவிட்டு, உடம்பும் அத்தனை பலமில்லாத மனிதர் மூன்றாவது தடவையாகச் சிறைக்குப் போகிறார்! வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டிய வாழ்க்கை நம்முடையது. ஆகையால் இதன் கனம் நமக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது கையில் பத்திரிகை இல்லை. நண்பர் சதாசிவமும் அவரும் சேர்ந்து சொந்தமாக ஒன்று ஆரம்பிப்பது என்று தீர்மானித்தார்கள். பணம்? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி என்ற படத்தில் நாரதராக, ஆண் வேஷத்தில் நடித்தார். அந்த நடிப்புக்குக் கிடைத்த பணம்தான் முதல். 1941 ஆகஸ்டு மாதம் கல்கி வார இதழ் பிறந்தது. எம்.எஸ். அம்மாவின் பாட்டைக் கோவிலில் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த நாம், அந்த அம்மாள் வேஷம் கட்டிச் சம்பாதித்த காசில்தான் வந்தியத்தேவன் நமக்குக் கிடைத்தான் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதுப் பத்திரிகைக்குப் புதுச் சரக்கு வேண்டுமே? அதே ஆண்டில் பார்த்திபன் கனவு தொடங்கியது. தமிழ் வாசகர்களைக் கூட்டம் கூட்டமாகச் சரித்திரக் கதைப் பக்கம் இழுத்த முதல் தொடர் அது. சுதந்திரம் இழந்த சோழநாடு, அது ஒருநாள் பெருநாடாக வேண்டும் என்று கனவு காண்கிற பார்த்திபன், அந்தக் கனவைச் சுமக்கிற மகன் விக்கிரமன். அடிமை நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதினால் வெள்ளைக்காரனைப் பற்றித்தான் பேச்சு என்று எல்லாருக்கும் விளங்கும். ஆனால் வழக்குப் போட முடியாது! விக்கிரமனை நாடு கடத்துகிறார்கள். கடலுக்கு அப்பால் செண்பகத் தீவில் தமிழர்கள் வாழ்கிறார்கள்; அவர்கள் அவனைத் தங்கள் அரசனாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனாலும் பிறந்த மண்ணையும் பெற்ற தாயையும் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அவனை விடவில்லை. இரத்தின வியாபாரி வேஷத்தில் திரும்பி வருகிறான்.

செண்பகத் தீவு கற்பனைத் தீவு. ஆனாலும் கடல் தாண்டி வந்து, ஊர்க் கடிதத்துக்குக் காத்திருந்த நம் முன்னோர்கள் இந்தப் பகுதியை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. சோகம் என்னவென்றால், அந்தத் தொடர் வந்துகொண்டிருந்தபோதே, 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கிவிட்டான். கப்பல் நின்றது, கடிதம் நின்றது, பத்திரிகையும் நின்றது. நம்மவர்கள் சயாம் ரயில் பாதைக்குப் போய்ச் செத்தார்கள். விக்கிரமன் ஊர் திரும்பிய கதை, சண்டை முடிந்த பிறகுதான் புத்தகமாக இங்கே வந்து சேர்ந்தது.

1944ல் சிவகாமியின் சபதம். ரசிகமணி டி.கே.சி.யோடும் நண்பர்களோடும் மாமல்லபுரம் கடற்கரையில் இருந்தபோது மனத்தில் முளைத்த கதை. மகேந்திர பல்லவன், மகன் மாமல்லன், வாதாபியிலிருந்து படையெடுத்து வந்த புலிகேசி, சிற்பி ஆயனர், அவர் மகள் நாட்டியக்காரி சிவகாமி. சிறை பிடித்துப் போன சிவகாமி, வாதாபி எரிந்தால்தான் திரும்புவேன் என்று சபதம் போடுகிறாள். ஒன்பது வருஷம் கழித்து மாமல்லன் வருகிறான், வாதாபி எரிகிறது, அதற்குள் அவனுக்குக் கலியாணமாகிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெற்றி ராஜாவுக்கு, வேகாத நெஞ்சு சிவகாமிக்கு. நாட்டுக்குச் சுதந்திரம் வரப் போகிற உற்சாகத்தில் எல்லாரும் மிதந்த நேரத்தில், சண்டையில் ஜெயித்தாலும் ஒரு பெண் பிள்ளை எப்படித் தோற்றுப் போகிறாள் என்று எழுதினாரே, அதற்காகவே எனக்கு இது பொன்னியின் செல்வனைவிட ஒரு படி மேலாகப் படும். இதில் என்னோடு சண்டைக்கு வரப் பலர் இருக்கிறார்கள். வரட்டும்.

பொன்னியின் செல்வன் 1950 கடைசியில் ஆரம்பித்து 1954 மே மாதம் வரை, மூன்றரை வருஷம் வாராவாரம் வந்தது. சுந்தர சோழர் படுத்த படுக்கையில் இருக்க, அடுத்த பட்டம் யாருக்கு என்ற சதிவலை. அதற்கு நடுவே ஓலை கொண்டுபோகிற வாணர்குலத்து இளைஞன் வந்தியத்தேவன். அவனிடம் ராஜ்யம் கிடையாது, காசு கிடையாது. குதிரையும் வாயும் மட்டும் உண்டு. பசி வந்தால் தவிப்பான், பொய் சொல்லி மாட்டிக்கொள்வான், அழகான பெண்ணைப் பார்த்தால் வழி மறந்துவிடுவான். அரண்மனைக் கதைக்கு இப்படி ஒருவனை நடுநாயகமாக வைத்ததுதான் கல்கியின் சாமர்த்தியம். ராஜாக்கள் வீட்டு விவகாரத்தை நாம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறோம். பூங்குழலியையும் பாருங்கள். கோடிக்கரையில் ஓடம் தள்ளிப் பிழைக்கிற குடும்பம். புயலில் கடலுக்குப் போய் ஆளைத் தூக்கி வருகிறவள். நம் பெண்கள் குந்தவையை மரியாதையாகத்தான் பேசுவார்கள். பூங்குழலியைத்தான் எங்கள் வீட்டுப் பெண் என்பார்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறவர்களுக்கு யாரைப் பிடிக்கும், சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்தில் அறுபதுகளில் இதை வாசித்தவர் வெளிக்காட்டு வேலை செய்த ஒரு பெரியவர். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். யாரோ பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, நூல் போட்டுத் தைத்த கட்டு அவரிடம் இருந்தது. இடையில் சில அத்தியாயங்கள் கிடையாது. இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் லயத்து ஐந்தடியில் பாய் விரித்து மண்ணெண்ணெய் விளக்கு வைப்பார்கள். ஒரு இரவுக்கு ஒரு அத்தியாயம், மிஞ்சினால் இரண்டு. காலையில் பெரட்டுக்கு எழுந்திருக்க வேண்டுமே. அத்தியாயம் முடிகிற இடத்தில் யாராவது கதவைத் தட்டுவான், இல்லையென்றால் இருட்டில் ஒரு கை தோளைத் தொடும். அவ்வளவுதான், பெரியவர் கட்டை மூடிவிடுவார். கிழவிகள் அவரை வைவார்கள். மறுநாள் மரத்தடியில் அந்தக் கை யாருடையது என்று பால் வெட்டிக்கொண்டே விவாதம் நடக்கும். தொலைந்துபோன அத்தியாயங்களுக்கு அந்தப் பெரியவரே ஏதோ சொல்லி ஒட்டுப் போட்டார் என்பது, பல வருஷம் கழித்து முழுப் புத்தகத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சொன்னதும் மோசமில்லை.

இப்படிப் படித்தால் காதில் நிற்க வேண்டும் என்றே கல்கி எழுதினார். நீளமான வாக்கியத்தை ஒரு மூச்சில் முடியும்படி உடைத்துப் போடுவார். வாசகர்களே என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போவார். இரண்டு அத்தியாயத்துக்கு முன்னால் விட்ட ஆளை மறுபடி கொண்டுவரும்போது அவன் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்று ஞாபகப்படுத்திவிடுவார். கனமான இடம் வந்தால் பின்னாலேயே ஆழ்வார்க்கடியானின் தடியடி வந்து சிரிக்க வைக்கும். பண்டிதர்கள் இதையெல்லாம் இலக்கியக் குறை என்று எழுதினார்கள். புத்தகத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது குறையாக இருக்கலாம். பத்துப் பேருக்கு நடுவில் ஒருவர் படித்தால் அதுவே வசதி.

சும்மா கற்பனையில் அளந்துவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றையும், சதாசிவப் பண்டாரத்தாரின் ஆராய்ச்சியையும் படித்து, ஓவியர் மணியத்தைக் கூட்டிக்கொண்டு இலங்கை வரை போய்ப் பழைய இடங்களை நேரில் பார்த்து எழுதினார். ஆனால் எது சரித்திரம், எது கதை என்று நாம் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதெல்லாம் கதையையே சரித்திரமாக மேடையில் பேசுகிறார்கள். ஆதித்த கரிகாலன் கொலையுண்டது உண்மை. அந்தத் துரோகிகளின் நிலத்தைப் பறித்ததை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது, ரவிதாசன் பெயரும் அதில் இருக்கிறது. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு சாட்சி. நந்தினி கற்பனை. பூங்குழலி கற்பனை. அருள்மொழி சின்ன வயதில் பட்டத்தைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்ததற்குச் செப்பேட்டில் ஆதாரம் உண்டு. அவர் எந்தச் சபையில் எப்படி நடந்து கொண்டார் என்பது கல்கியின் கைவண்ணம்.

நம் நாட்டுச் சம்பந்தமும் ஒன்று அந்தக் கதையில் இருக்கிறது. காய்ச்சலில் விழுந்த அருள்மொழியை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் மறைத்து வைக்கிறார்களே, அந்த விகாரத்தைக் கட்டியவர்கள் கடாரத்து அரசர்கள். கடாரம் என்றால் நம் கெடா. செப்பேட்டின்படி அது ராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகு எழுந்தது. அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை அவர் விட்டுக்கொடுத்தார். கதைக்காகக் கல்கி அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார். மகன் ராஜேந்திரன் காலத்தில், 1025 வாக்கில், அதே கடாரத்தின் மேல் சோழர் கப்பற்படை வந்தது. பூஜாங் பள்ளத்தாக்கில் போய்ப் பழைய கோவில் அடித்தளங்களைப் பார்க்கிறவர்கள், நம்மவர்கள் இந்த மண்ணுக்கு முதன்முதலில் வந்தது கங்காணி பின்னால் இல்லை என்பதைக் கண்ணால் காணலாம்.

கல்கிக்குச் சண்டைகளும் உண்டு. பாரதியார் நல்ல கவி, ஆனால் உலக மகாகவி வரிசையில் வைக்கலாமா என்று முப்பதுகளில் ஒரு விவாதத்தில் அவர் மாற்றுக் கட்சி நின்றார். பலருக்கு ஆத்திரம். ஆனால் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதி, வாசகர்களிடம் காசு திரட்டி, 1947ல் அதைத் திறக்கும் வரை ஓயாமல் உழைத்தவரும் அவரேதான். பிறமொழிக் கதைகளைத் தழுவி எழுதுகிறார் என்று புதுமைப்பித்தன் கடுமையாகத் தாக்கினார். அந்தக் குற்றச்சாட்டு முழுக்க இல்லாததென்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பியச் சரித்திரக் கதைகளின் வாடை சில இடங்களில் அடிக்கத்தான் செய்கிறது. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு பாடினால் குறைச்சல் என்று நினைத்த காலத்தில், தமிழிசை இயக்கத்துக்காகத் தன் சினேகிதர்களோடேயே மோதினார். மீரா படத்தில் எம்.எஸ். பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளில் அவர் எழுதியவை உண்டு. சமூக நாவலும் எழுதினார். அலை ஓசை, நாடு பிரிந்தபோது நடந்த கொடுமைகளையும் ஒரு குடும்பத்தின் சிதைவையும் சொல்வது.

இத்தனைக்கும் நடுவில் உடம்பு கெட்டுக்கொண்டே வந்தது. காச நோய். வாராவாரம் அச்சுக்கு அத்தியாயம் போயாக வேண்டும் என்ற வேலை நோயாளிக்கு ஏற்ற வேலை இல்லை. பொன்னியின் செல்வன் முடிந்து ஏழு மாதம் ஆவதற்குள், 1954 டிசம்பர் 5ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. அமர தாரா என்ற நாவல் பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். 1956ல் அலை ஓசைக்குச் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவர் போட்ட பாதையில் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். ராஜேந்திரனைப் பற்றி வேங்கையின் மைந்தன் எழுதிய அகிலன், பிறகு இந்த நாட்டுக்கு வந்து நம் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, பால்மரக் காட்டினிலே என்று நம்மைப் பற்றியே ஒரு நாவல் எழுதினார். கடல் புறாவில் கடாரத்தைக் கொண்டுவந்தவர் சாண்டில்யன். 1958ல் எம்.ஜி.ஆர். பொன்னியின் செல்வனைப் படமாக்க முயன்று நடக்காமல் போனது. 2022லும் 2023லும் மணிரத்னம் இரண்டு பாகமாக எடுத்தார். கல்கி வார இதழ் 2020ல் அச்சில் வருவது நின்றது.

படம் பார்த்த பிள்ளைகள் பலர் இப்போது புத்தகத்தைத் தேடுகிறார்கள். 1999ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டிருக்கின்றன. ஐந்து பாகத்தையும் மொத்தமாக வாங்கி மிரண்டுபோக வேண்டாம். தமிழ்ப் பள்ளிப் பிள்ளை என்றால் பார்த்திபன் கனவில் ஆரம்பிக்கட்டும். சிறிய புத்தகம், அத்தியாயங்களும் சிறியவை. பெரியவர்கள் பொன்னியின் செல்வனில் முதல் பாகமான புதுவெள்ளத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் கண் மங்கிய பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பையன் தப்பாகப் படித்தால் பாட்டியே திருத்துவார். அவருக்குத்தான் கதை மனப்பாடமாயிற்றே!